கடை வெளிச்சமும் கண் கூசும் பிள்ளைகளும்

கடைக்கு வெளிச்சம் வேண்டும் என்பதில் வியாபாரிகளுக்குள் இரண்டு கருத்து கிடையாது. அந்தி சாய்ந்ததும் விளக்கைப் போட்டு, கல்லாவைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுத்த சரக்கை நிறுக்கிறோம். அரிக்கேன் விளக்கில் வியாபாரம் பார்த்த தலைமுறை போய் பெட்ரோமாக்ஸ் வந்தது. பிறகு குண்டு பல்பு, டியூப் லைட் என்று மாறி, இன்று எல்.இ.டி. வந்து நிற்கிறது. பக்கத்துக் கடைக்காரர் பத்து விளக்கு போட்டால் நாம் பன்னிரண்டு போடுகிறோம். கூரையைத் தாழ்த்தி, தரைக்கு வெள்ளை டைல்ஸ் பதித்து, சுவரில் கண்ணாடி வைத்து, வாசலில் ஓடி ஓடி எரிகிற எழுத்துப் பலகையையும் மாட்டிவிடுகிறோம். தீபாவளி சமயத்தில் என்.எஸ்.பி. ரோட்டிலும் பெரிய கடை வீதியிலும் இரவா பகலா என்று தெரியாது.

இதெல்லாம் வாடிக்கையாளரை உள்ளே இழுப்பதற்காகச் செய்வது. ஆனால் இதே வெளிச்சத்தைக் கண்டு வாசலோடு திரும்பிப் போகிறவர்களும் நம் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் நம்மிடம் குறை சொல்வதில்லை. சொன்னாலும் நமக்குப் புரிவதில்லை. அப்படிப்பட்டவர்களில் முக்கியமானவர்கள் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளும், அதே நிலையோடு வளர்ந்து பெரியவர்களானவர்களும். மளிகைக் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற அன்பர்கள் சற்றுப் பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தம் நிறைய இருக்கிறது.

ஆட்டிசம் என்பது என்ன?

1943-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அந்தக் குழந்தைகள் மற்றவர்களோடு ஒட்டாமல் தனித்திருந்தார்கள். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தார்கள். பழகிய ஒழுங்கு கொஞ்சம் மாறினாலும் தவித்துப் போனார்கள். ஆட்டிசம் என்ற சொல் மருத்துவ உலகில் பரவலாக நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

இது தொற்று நோயில்லை. வளர்ப்புக் கோளாறும் இல்லை. பேய் பிடித்ததோ, யாரும் சாபம் கொடுத்ததோ இல்லை. மூளை வளர்கிற விதத்திலேயே உள்ள வேறுபாடு; பிறவியிலிருந்து உடன் வருவது, வாழ்நாள் முழுவதும் இருப்பது. சிலருக்குப் பேச்சே வராது. சிலர் நன்றாகப் பேசிப் படித்துப் பட்டம் வாங்கி வேலைக்கும் போவார்கள். ஒருவருக்கு இருப்பதுபோல் இன்னொருவருக்கு இருக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகத்தில் ஏறத்தாழ 127 பேருக்கு ஒருவர் இந்த நிலையில் இருந்தார். நம் கடைக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

இவர்களில் பலருக்கு ஓசை, வாசனை, தொடுதல், வெளிச்சம் ஆகியவை நமக்கு இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகவோ, சில சமயம் மிகக் குறைவாகவோ உறைக்கும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், இதையும் ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே வெளிச்சத்தைக் கண்டு ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டால் அது அடமோ செல்லமோ கிடையாது. அவனுக்கு அது உண்மையிலேயே தாங்க முடியாத வேதனை.

கண் நன்றாக இருக்கிறது. வெளிச்சம் மட்டும் வலிக்கிறது

இந்தப் பிள்ளைகளைக் கண் மருத்துவரிடம் கூட்டிப் போனால், பெரும்பாலும் "கண்ணில் ஒரு குறையும் இல்லை" என்றுதான் சொல்வார். அது சரிதான். கண் வாங்கி அனுப்புகிற வெளிச்சத்தை வடிகட்டி, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததைத் தள்ளுவது மூளையின் வேலை. நம் மண்டியில் வந்து இறங்குகிற லோடில் எது கடைக்கு, எது குடோனுக்கு என்று கணக்குப்பிள்ளை பிரித்துவிடுவதுபோல. அப்படிப் பிரிக்கிற ஆள் இல்லாமல் அத்தனை மூட்டையும் வாசலிலேயே வந்து விழுந்தால் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கிறது இவர்கள் நிலைமை.

விளக்கிலும் ஒரு சங்கதி இருக்கிறது. நமக்கு வருகிற மின்சாரம் வினாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அது இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குகிறது. ஆகவே பழைய சோக்கு போட்ட டியூப் லைட், வினாடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பளிச்சிடுகிறது. நம் கண்ணுக்கு அது ஒரே சீராக எரிவதாகத்தான் தெரியும். சிலருக்கு மட்டும் அந்தத் துடிப்பு உறைக்கிறது. குண்டு பல்பில் இழை சூடாகவே இருப்பதால், அது மங்குவதற்குள் அடுத்த ஏற்றம் வந்துவிடும், துடிப்பு குறைவு. எலக்ட்ரானிக் சோக்கு வந்த பிறகு துடிப்பு வினாடிக்கு 20,000 முறைக்கு மேல் போய்விட்டதால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

எல்.இ.டி. வந்ததும் பிரச்சினை முழுதாகத் தீர்ந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். நல்ல தயாரிப்பில் உள்ளே இருக்கும் 'டிரைவர்' என்ற பாகம் மின்சாரத்தைச் சீராக்கித் தருகிறது. மலிவுச் சரக்கில் அந்தப் பாகத்தைச் சிக்கனம் பண்ணிவிடுகிறார்கள். அதனால் பழைய டியூப் லைட்டைப்போலவே, சில சமயம் அதைவிட மோசமாகவும் துடிக்கும். இதைக் கண்டுபிடிக்க எலக்ட்ரீஷியன் தேவையில்லை. செல்போனில் 'ஸ்லோ மோஷன்' என்ற முறையில் விளக்கைப் படம் பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் விட்டு விட்டு அடித்தாலோ, படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடினாலோ, அந்த விளக்கு துடிக்கிறது என்று அர்த்தம்.

நிறமும் ஒரு காரணம். அட்டைப்பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்டிருந்தால் அது நீலம் கலந்த கடும் வெள்ளை. 4000 என்றால் நடுத்தரம். 2700, 3000 என்றால் பழைய குண்டு பல்பின் மஞ்சள் சாயல். கண் கூசுகிறவர்களில் பலருக்கு இந்த மஞ்சள் வெளிச்சம்தான் ஒத்துக்கொள்கிறது. இதோடு, வெள்ளை டைல்ஸ், கண்ணாடி மேஜை, பளபளக்கிற எவர்சில்வர் டப்பாக்கள் எல்லாம் சேர்ந்து ஒரு விளக்கைப் பத்து விளக்காகக் காட்டுகின்றன.

அனுபவித்தவர்கள் சொன்னது

இவற்றையெல்லாம் மருத்துவர்களுக்கு முதலில் எடுத்துச் சொன்னவர்களில் ஆட்டிசம் உள்ளவர்களே பலர். அமெரிக்காவில் 1947-இல் பிறந்த டெம்பிள் கிராண்டின் என்ற அம்மையாருக்குச் சிறு வயதில் பேச்சு வரத் தாமதமானது. பிற்காலத்தில் அவர் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியர் ஆனார். மாடுகளை மிரளாமல் ஓட்டிச் செல்வதற்கான பட்டிகளையும் பாதைகளையும் வடிவமைத்ததில் உலகப் புகழ் பெற்றவர். மாடு ஏன் நடுவழியில் நின்றுவிடுகிறது என்று பார்க்க, அவரே அந்தப் பாதைக்குள் இறங்கி, மாட்டின் கண் மட்டத்தில் நடந்து பார்த்தார். தரையில் விழுந்த நிழல், தொங்குகிற சங்கிலியின் மினுமினுப்பு, தேங்கிய தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயில் ஆகியவற்றைக் கண்டுதான் மாடு மிரள்கிறது என்று கண்டுபிடித்தார். மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது நன்றாகப் புரியும். அடி போட்டாலும் நகராத மாடு, வழியில் கிடக்கிற ஒரு பொருளை எடுத்துவிட்டால் தானே நடக்கும். ஆட்டிசம் உள்ள சிலருக்கு டியூப் லைட்டின் துடிப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்றும், பக்கத்தில் ஒரு குண்டு பல்பு விளக்கை வைத்தால் அவர்களுக்குச் சிரமம் குறைகிறது என்றும் எழுதியவர் அவர்தான்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டோனா வில்லியம்ஸ் என்ற எழுத்தாளர் 1992-இல் தன் வாழ்க்கையை நூலாக எழுதினார். கடும் வெளிச்சத்தில் தனக்குப் பார்வை துண்டு துண்டாகச் சிதறிப் போவதையும், நிறம் ஏற்றிய மூக்குக் கண்ணாடி தனக்கு உதவியதையும் பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். 2017-இல் அவர் காலமானார்.

நம் நாட்டில், மைசூரிலும் பெங்களூரிலும் வளர்ந்த டிட்டோ ராஜர்ஷி முகோபாத்யாய் என்ற பையனுக்குப் பேச்சு வராது. தாயார் சோமா அவனுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தார். 8 வயது முதல் 11 வயதுக்குள் அவன் எழுதியவை 2000-இல் லண்டனில் நூலாக வெளிவந்தன. ஒரே சமயத்தில் பார்க்கவும் கேட்கவும் தன்னால் முடியாது, ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவிவிடும் என்று அவர் விளக்கியிருக்கிறார். கல்லாவில் இருந்துகொண்டு நாம், "தம்பி, உன்னைத்தான் கேக்கறேன், இங்க பாரு" என்று அதட்டும்போது அந்தப் பிள்ளையின் நிலைமை என்னவாக இருக்கும் என்று இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். தமிழில் படிக்க விரும்பும் அன்பர்களுக்கு, எழுத்தாளர் யெஸ். பாலபாரதி எழுதிய 'ஆட்டிசம்: சில புரிதல்கள்' என்ற சிறு நூல் நல்ல வழிகாட்டி.

நம் ஊரிலேயே ஒரு பையன்

வெளிநாட்டுக் கதை போதும். என் தம்பியின் பேரன் ஒருவன் இருக்கிறான். வயது 22. சிறு வயதிலேயே ஆட்டிசம் என்று சொல்லிவிட்டார்கள். பேச்சு குறைவு, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். ஆனால் எண்ணிக்கையில் தப்பு வராது. நகரத்தில் ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் போடுகிற வேலைக்குச் சேர்த்துவிட்டிருந்தார்கள். பின்கட்டில் உட்கார்ந்து அரை கிலோ, ஒரு கிலோ என்று பருப்பைப் பிடித்து ஒட்டி அடுக்குவான். இரண்டு வருஷம் ஒரு புகாரும் இல்லை.

பிறகு அந்தக் கடையைப் புதுப்பித்தார்கள். கூரையைத் தாழ்த்தி வரிசையாக எல்.இ.டி. பேனல்கள் பதித்தார்கள். தரைக்கு வெள்ளை டைல்ஸ் வந்தது. பின்கட்டுக்கும் அதே வெளிச்சம்தான். ஒரு வாரத்துக்குள் பையன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தான். மதியத்துக்குள் தலைவலி, வாந்தி. மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வான். "வேலைக்கு டிமிக்கி கொடுக்கிறான்" என்றார்கள். ஒரு மாதக் கடைசி சாயங்காலம், கூட்டம் நெரிகிற நேரத்தில், அலறிக்கொண்டு ரோட்டில் ஓடிவிட்டான். நல்ல வேளையாக வண்டி எதிலும் அடிபடவில்லை. "முத்திப் போச்சு, கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் எல்லோரும் அப்படியே நம்பினார்கள். கண் மருத்துவர் கண் நன்றாக இருக்கிறது என்றார். கடைசியில் அவனுக்குப் பயிற்சி கொடுத்துவந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர்தான், "இது எப்போதிலிருந்து? அப்போது கடையில் என்ன மாறியது?" என்று கேட்டார். பையனிடமும் நிதானமாகக் கேட்டார். அவன் சொன்ன பதில் ஒன்றுதான்: "லைட்டு சத்தம் போடுது."

இப்போது காந்தி மார்க்கெட் பக்கம் நம்முடைய குடோனில் காலை 7 மணியிலிருந்து 12 மணி வரை வேலை பார்க்கிறான். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவான். மஞ்சள் சாயலில் 9 வாட் பல்பு ஒன்று, சுவரைப் பார்த்தாற்போல் திருப்பி வைத்திருக்கிறது. வெளியே போகும்போது முன்பக்கம் நீட்டியிருக்கும் தொப்பி. வெயில் ஏறிய பிறகு அவன் அப்பா வண்டியில் வந்து அழைத்துப் போவார். எல்லா நாளும் ஒன்றுபோல் இருக்காது. வராத நாளும் உண்டு. தீபாவளிக்கு முந்தைய பத்து நாள் அவனை எதிர்பார்க்க மாட்டோம். வந்த நாளில் போட்ட பொட்டலத்தில் எடை குறைந்ததாக ஒரு கடைக்காரரும் திருப்பி அனுப்பியதில்லை.

அவனுடைய தாயார் ஒரு நாள் என்னிடம் கேட்டார்: "மாமா, நீங்க இருக்கற வரைக்கும் சரி. எங்களுக்கு அப்புறம் இவன் யாரு கடையில போய் நிப்பான்?" இந்தக் கேள்வி ஒரு வீட்டுக் கேள்வியாக எனக்குப் படவில்லை. நம் வணிகர் சமூகம் முழுவதும் யோசிக்க வேண்டிய கேள்வி.

மற்ற நாட்டுக் கடைகள் என்ன செய்தன?

2016-ஆம் ஆண்டு மே மாதத்தில் இங்கிலாந்தில் மான்செஸ்டர் நகரத்து ஆஸ்டா கடை ஒன்றில், ஒரு சனிக்கிழமை காலை 8 மணிக்கு, 'அமைதி நேரம்' என்று வைத்துப் பார்த்தார்கள். பாட்டு, டி.வி., நகரும் படிக்கட்டு எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். பிறகு 2018 ஜூலையில், மாரிசன்ஸ் என்ற பெரிய மளிகை நிறுவனம் சனிக்கிழமை தோறும் காலை 9 முதல் 10 வரை தன் கடைகளில் விளக்குகளைத் தணித்து, பாட்டை நிறுத்தி, ஒலிபெருக்கி அறிவிப்பையும் தள்ளுவண்டிகளை இழுக்கிற சத்தத்தையும் குறைத்தது. அந்த நாட்டு ஆட்டிசம் சங்கத்தோடு கலந்து பேசித்தான் இதைச் செய்தார்கள். அதற்கு முன்பே, 2017-இல், ஆஸ்திரேலியாவில் கோல்ஸ் நிறுவனம் செவ்வாய்க்கிழமைகளில் காலை 10.30 முதல் 11.30 வரை இதைத் தொடங்கியது. நியூசிலாந்தில் கவுண்ட்டவுன் கடைகள் 2019-இல் புதன்கிழமை பிற்பகல் ஒரு மணி நேரத்தை ஒதுக்கின. அமெரிக்காவில் வால்மார்ட் 2023 நவம்பர் 10 முதல் தினமும் காலை 8 முதல் 10 வரை விளக்கைக் குறைத்து, ரேடியோவை நிறுத்தி வைத்தது.

இவர்கள் யாரும் தர்மத்துக்குக் கடை நடத்துகிறவர்கள் அல்ல. எல்லோருமே கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துத்தான் ஒதுக்கினார்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும். வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில், வேறு எப்போதும் வர முடியாத ஒரு குடும்பம் கடைக்கு வருகிறது. மாதச் சாமான் மொத்தமும் அங்கேயே வாங்குகிறது. அந்தக் குடும்பம் பிறகு கடை மாறுவதில்லை.

நம் ஊருக்கு எந்த நேரம் தோதுப்படும்? நமக்கு மந்தமான நேரம் மதியம் 2 முதல் 4. ஆனால் அப்போது வெளியே கொளுத்துகிற திருச்சி வெயிலைத் தாண்டித்தான் அந்தப் பிள்ளை கடைக்கு வர வேண்டும். சித்திரை, வைகாசியில் நமக்கே கண் இருட்டிக்கொண்டு வருகிறது. ஆகவே காலை 7 முதல் 8 வரைதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். தென்னூர் உழவர் சந்தைக்கு விடிந்ததும் வந்து காய் வாங்கிப் போகிறவர்களில் இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வருகிற பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்து வெளிச்சம் இதமாக இருக்கிறது, கூட்டமும் இல்லை என்பதுதான் காரணம்.

செலவு எவ்வளவு?

வியாபாரி கேட்கிற முதல் கேள்வி இதுதான். கேட்பதும் நியாயம். 18 வாட் பேனல் 12 இருக்கிற கடைக்கு மொத்தம் 216 வாட். அதில் பாதியை ஒரு மணி நேரம் அணைத்தால் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு மிச்சம். ஆகவே இதில் செலவு என்பதே கிடையாது. எல்லா விளக்கும் ஒரே சுவிட்சில் ஓடினால், இரண்டாகப் பிரித்துக் கொடுக்க எலக்ட்ரீஷியனுக்கு ஒரு வேளைக் கூலி. அவ்வளவுதான்.

கடையில் செய்யக்கூடியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்:

1. புதிதாக விளக்கு வாங்கும்போது பெயர் தெரிந்த, தரமான சரக்காக வாங்கவும். செல்போனில் துடிப்பைப் பார்த்துவிட்டு வாங்கவும். துடிக்கிற, விட்டு விட்டு எரிகிற பழைய டியூப்பை அன்றன்றைக்கே மாற்றவும்.

2. வாடிக்கையாளர் முகத்துக்கு நேரே அடிக்கிற விளக்கைச் சரக்கின் பக்கமோ சுவரின் பக்கமோ திருப்பவும். வெறும் பல்பு கண்ணில் படாமல் பால் நிற மூடி போடவும்.

3. எடை போடுகிற இடத்திலும் கல்லாவிலும் வெளிச்சம் நன்றாக இருக்கட்டும். முள்ளும் எண்ணும் வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டும். மற்ற இடத்தில் கொஞ்சம் தணித்தால் குறைந்து போய்விடாது.

4. மின்னி மின்னி ஓடுகிற விளக்குச் சரங்களையும் எழுத்துப் பலகையையும் அமைதி நேரத்தில் அணைத்து வைக்கவும்.

5. வாசலில் எதிர் வெயில் அடித்தால் மூங்கில் தட்டியோ நிழல் வலையோ கட்டவும். நம் பெரியவர்கள் வெட்டிவேர்த் தட்டி கட்டிய வழக்கம்தான். சரக்கும் வெயிலில் நிறம் மங்காது.

6. கடைக்குள் கறுப்புக் கண்ணாடியோ தொப்பியோ போட்டு வருகிறவர்களைக் கேலி செய்யவோ, கழற்றச் சொல்லவோ வேண்டாம் என்று சிப்பந்திகளுக்குச் சொல்லி வைக்கவும். எந்நேரமும் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டால் கண் இன்னும் அதிகமாகக் கூசப் பழகிவிடும் என்பதால், எப்போது போடுவது என்பதைப் பெற்றோர் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்வார்கள்.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், கண்புரை முற்றிய பெரியவர்கள், உடம்பு முழுவதும் வெளுத்துப் பிறந்தவர்கள் ஆகியோருக்கும் பளீர் வெளிச்சம் ஆகாது. ஆகவே இந்த ஏற்பாட்டினால் பயன் பெறுகிறவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். வெளிச்சம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் திருநெல்வேலி வரை போய் வரலாம். நெல்லையப்பர் கோவில் எதிரே, பெயரிலேயே இருட்டை வைத்துக்கொண்டு ஒரு அல்வாக் கடை இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்காமல் அல்வா வாங்க முடியாது.

கடையில் ஒரு பிள்ளை அலறினால்

கண்ணைப் பொத்திக்கொண்டு தரையில் உட்காருவது, காதை அடைத்துக்கொள்வது, கத்துவது, வெளியே ஓடுவது ஆகியவை நடக்கலாம். அப்போது கூட்டம் கூடி ஆளுக்கு ஒரு யோசனை சொல்வதுதான் நம் ஊர் வழக்கம். "ரெண்டு போடு, அடங்கிடும்" என்பார் ஒருவர். "வளர்த்த லட்சணம்" என்பார் இன்னொருவர். செல்போனில் படம் பிடிக்கிறவர்களும் உண்டு. இதில் ஒன்றைக்கூட நம் கடையில் நடக்க விடக் கூடாது.

அந்தப் பிள்ளையைத் தொட வேண்டாம், இழுக்க வேண்டாம். பக்கத்து விளக்கை அணையுங்கள். பாட்டை நிறுத்துங்கள். கூட்டத்தை விலக்குங்கள். பிள்ளை தெருவுக்கு ஓடாமல் ஒருவர் வாசலில் நிற்கட்டும். தாயாரிடம் தாழ்ந்த குரலில், "என்னம்மா பண்ணட்டும், சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் சொன்னதைச் செய்யுங்கள். உள்ளே வெளிச்சம் குறைந்த குடோன் இருந்தால் அங்கே ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். சாமானைக் கட்டி வீட்டுக்கு அனுப்பி வைக்கிறோம் என்று சொல்லி அனுப்புங்கள். அந்தத் தாய் அந்தக் கடையை ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

வேலை கொடுப்பது பற்றி

1999-ஆம் ஆண்டு மத்திய அரசு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தைக் கொண்டுவந்தபோது ஆட்டிசத்தையும் அதில் சேர்த்தது. அதன் கீழ் 'நிராமயா' என்ற மருத்துவக் காப்பீடு உண்டு, ஆண்டுக்கு ரூ. 1 லட்சம் வரை. பெற்றோருக்குப் பின் பாதுகாவலரை நியமிக்க, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழுவும் உண்டு. பிறகு வந்த 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம், 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாக ஆட்டிசத்தை வைத்து, அரசு வேலை ஒதுக்கீட்டிலும் இடம் கொடுத்தது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் மத்திய அரசின் பன்முகக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் நடந்துவருகிறது. நம் திருச்சியில் ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் என்று ஒரு துறையே இருக்கிறது. அங்கே படித்தவர்கள் இந்தப் பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவர்கள். நம் கடைகளில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு நிலை இருந்தால், மாவட்ட மாற்றுத் திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போகச் சொல்லி அடையாள அட்டை வாங்க வழிகாட்டுவது முதலாளியின் கடமை.

சட்டம் அரசு வேலைக்குத்தான் ஒதுக்கீடு சொல்கிறது. ஆனால் எத்தனை பேருக்கு அரசு வேலை கிடைத்துவிடும்? நம் தொழிலில் இவர்களுக்குப் பொருத்தமான வேலை எத்தனையோ இருக்கிறது. பொட்டலம் போடுவது, மூட்டை எண்ணுவது, காலாவதித் தேதி பார்த்துச் சரக்கைப் பிரிப்பது, பழைய சரக்கை முன்னால் தள்ளிப் புதுச் சரக்கைப் பின்னால் அடுக்குவது. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பப் பிசகாமல் செய்கிற குணம்தானே இவற்றுக்கெல்லாம் வேண்டும்? வெளிச்சம் ஒத்துக்கொள்கிற இடத்தில் உட்கார வைத்து, நேரத்தை முன்கூட்டியே சொல்லி, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று மாற்றாமல் இருந்தால் போதும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். "பாவம், பொழுது போகட்டும்" என்று சொல்லி, டீயும் வடையும் வாங்கிக் கொடுத்து வேலை வாங்குவது தர்மமாகாது. ஒரு மணி நேரத்துக்கு அடுத்த ஆளுக்கு என்ன கூலியோ அதுதான் அவனுக்கும். பாதி நாள் வேலைக்குப் பாதி நாள் கூலி. அதை அவன் கையிலோ அவன் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலோ கொடுக்க வேண்டும். எடை குறைத்து விற்பது எவ்வளவு பாவமோ, கூலியைக் குறைப்பதும் அவ்வளவு பாவம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

ஐ.நா. சபை 2007-இல் தீர்மானம் போட்டு, 2008 முதல் ஏப்ரல் 2-ஆம் தேதியை ஆட்டிசம் விழிப்புணர்வு நாளாக ஆக்கியது. அன்றைக்குப் பல நாடுகளில் பெரிய கட்டடங்களுக்கு நீல விளக்குப் போட்டு அலங்கரிக்கிறார்கள். விளக்கு போடுகிறவர்கள் போடட்டும். வெளிச்சம் தாங்காத பிள்ளைகளுக்காக நாம் இரண்டு விளக்கை அணைத்து வைத்தால் அது இன்னும் பொருத்தமாக இருக்கும் என்பது என் தாழ்மையான எண்ணம்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். தென்னூர், தில்லைநகர், புத்தூர், ஸ்ரீரங்கம் பகுதிகளில் விருப்பமுள்ள பத்துக் கடைகள் முன்வந்தால் போதும். வாரத்தில் ஒரு நாள், காலையில் ஒரு மணி நேரம், பாதி விளக்கு, பாட்டு இல்லை. எந்தக் கடை, எந்தக் கிழமை என்று ஒரு பட்டியல் அச்சடித்து, நகரத்தில் உள்ள சிறப்புப் பள்ளிகளுக்கும் பயிற்சி மையங்களுக்கும் சங்கத்தின் பெயரில் அனுப்பி வைக்கலாம். மூன்று மாதம் நடத்திப் பார்ப்போம். வியாபாரம் கூடியதா, குறைந்ததா, யார் யார் வந்தார்கள் என்று ஒவ்வொரு கடைக்காரரும் சிட்டையில் குறித்து வந்தால், அதன் பிறகு தொடர்வதா வேண்டாமா என்பதைக் கணக்கைப் பார்த்தே முடிவு செய்துவிடலாம்.

முதல் பத்துக் கடைகளுக்கும் சுவிட்சைப் பிரித்துக் கொடுக்கிற எலக்ட்ரீஷியன் கூலியை நான் ஏற்றுக்கொள்கிறேன். விருப்பமுள்ள அன்பர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கவும்.